தம்பி டிசி வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறேன் என்கிறான். கல்லூரியில் உண்மையில் என்ன உதவி கிடைக்கும், யாரைப் பார்ப்பது?

உங்கள் கேள்வியை மற்றவர்களுக்காகச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். தம்பி அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவன். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவன். சென்னைக்கு வெளியே, அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரி ஒன்றில் 2021 ரெகுலேஷனில், அதாவது அந்த ஆண்டு வந்த பாடத்திட்ட, தேர்வு விதிமுறையில், பொறியியல் படிக்கிறான். இப்போது மூன்றாவது செமஸ்டர். முதலாண்டில் நான்கு அரியர். சில வாரங்களாக வகுப்புக்கு ஒழுங்காகப் போவதில்லை, போன் எடுப்பதில்லை, எடுத்தாலும் ‘டிசி வாங்கிட்டு வந்துடறேன்’ என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. கையேட்டில் மென்டார், கவுன்சிலிங் சென்டர், குறைதீர்ப்புக் குழு என்று வரிசையாகப் போட்டிருக்கிறார்கள், இதில் எது உண்மை, முதலில் யாரைப் பார்ப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

இப்படிப்பட்ட கல்லூரிகளில் பாடம் நடத்தியவன், வகுப்பு ஆலோசகராகவும் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். கையேட்டில் உள்ளவற்றில் பெரும்பாலானவை ஏதோ ஒரு வடிவில் இருக்கத்தான் செய்கின்றன. சிக்கல் என்னவென்றால், படிப்புக்கு ஓர் ஆள், பணத்துக்கு ஓர் அலுவலகம், மனசுக்கு ஓர் அறை என்று தனித்தனியாக வைத்திருக்கிறார்கள். உங்கள் தம்பிக்கோ மூன்றும் ஒரே முடிச்சாக விழுந்திருக்கின்றன. எந்த நுனியில் கடைசித் தேதி இருக்கிறதோ அதை முதலில் பிடிப்பதுதான் என் வழக்கம்.

அதற்கும் முன்னால் ஒன்று. இன்றைக்கே அவனிடம் நேராகக் கேளுங்கள்: ‘செத்துப் போயிடலாம்னு தோணுதா?’ கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று வீட்டில் பயப்படுவார்கள். அப்படி ஆகாது, யாராவது கேட்க மாட்டார்களா என்றுதான் பல பிள்ளைகள் காத்திருப்பார்கள். ‘ஆமா’ என்றோ, பதில் சொல்லாமல் அழுதோ வந்தால் மற்ற எல்லாவற்றையும் ஒத்திப்போடுங்கள். அவனைத் தனியாக விடக் கூடாது. விடுதி என்றால் வார்டனுக்கும் அறை நண்பனுக்கும் உடனே சொல்லிவிட்டு நீங்கள் கிளம்புங்கள். ஊருக்கு அழைத்து வருவதென்றால் வீட்டில் இருக்கிற பூச்சிமருந்தை முதலில் அப்புறப்படுத்துங்கள். இதைச் சும்மா சொல்லவில்லை, நம் கிராமங்களில் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும் ஆபத்து அதுதான். 14416 டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண். இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். சென்னையில் 1986 முதல் இயங்கும் ஸ்நேகா தற்கொலைத் தடுப்பு மையத்தின் எண் 044-24640050. ஆபத்து கண்ணெதிரே இருந்தால் 108. தற்கொலைக்கு முயன்றால் போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாமல் இருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், அப்படிப்பட்டவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது.

அப்படி எதுவும் இல்லை, வெறும் சோர்வும் வெட்கமும்தான் என்று தெரிந்தால், பிடிக்க வேண்டிய முதல் நுனி அட்டெண்டன்ஸ்.

ஒரு செமஸ்டரை ஏறக்குறைய 75 வேலை நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 75 சதவீதம் வேண்டும் என்றால் 18 நாள் வரை போகாமல் இருந்தாலும் தேர்வு எழுதலாம். 65-க்கும் 75-க்கும் இடையில் விழுந்தால், அதாவது 19 முதல் 26 நாள் வரை போகவில்லை என்றால், மருத்துவக் காரணம் போன்ற சரியான காரணம் காட்டி முதல்வரின் ஒப்புதலோடு எழுதலாம். இதைத்தான் மாணவர்கள் கண்டோனேஷன் என்பார்கள். 27-ஆவது நாளும் போகாவிட்டால் கதை முடிந்தது, அந்த செமஸ்டரையே அடுத்த ஆண்டு திரும்பப் படிக்க வேண்டும். தன்னாட்சிக் கல்லூரிகளில் கணக்கு மாறும், சில இடங்களில் பாடவாரியாகவே பார்ப்பார்கள். ஆக, ‘ரொம்ப நாள் போகலை’ என்கிற பேச்சுக்கு மதிப்பில்லை. இன்றைய தேதிக்கு எத்தனை சதவீதம் என்ற எண் வேண்டும். பையன்கள் இந்த எண்ணைப் பார்க்கவே பயப்படுவார்கள். எல்லாம் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு அறையிலேயே படுத்திருப்பார்கள். பார்த்தால் 70 இருக்கும். படுத்திருந்த அந்த வாரத்தில்தான் அது 64 ஆகும்.

அந்த எண் இருக்கிற இடம் ஃபேக்கல்டி அட்வைசர், அதாவது வகுப்பு ஆலோசகர். சில கல்லூரிகளில் மென்டார் என்பார்கள். ஒவ்வொரு துறையிலும் மாணவர்களைப் பிரித்து ஆசிரியர்களிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது பல்கலைக்கழக விதி. நடைமுறையில் இது எப்படி நடக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மென்டார் புக் என்று ஒரு நோட்டு உண்டு. மாதாமாதம் மாணவனைச் சந்தித்துப் பேசி எழுத வேண்டும். கல்லூரிக்குத் தரமதிப்பீடு தரும் நாக் குழு வருவதற்கு முந்தின வாரம், மூன்று வருட சந்திப்புகளையும் ஒரே பேனாவில் ஒரே நாளில் எழுதி முடித்த நோட்டுகளை நான் பார்த்திருக்கிறேன். அதனால் அந்த ஆசிரியர் தானாகக் கூப்பிடுவார் என்று காத்திருக்க வேண்டாம். அதே சமயம், நேரில் போய் நின்றால் உதவாத ஆலோசகரை நான் அதிகம் கண்டதில்லை. உட்கார வைத்துப் பேச அவர்களுக்கும் ஆசைதான். அறுபது மாணவர், ஆறு ஃபைல், நடுவில் அட்மிஷன் டியூட்டி என்று ஓடிக்கொண்டிருப்பவர்கள் அவர்கள்.

போகும்போது அப்பாவை மட்டும் அனுப்பாதீர்கள், நீங்களும் கூடப் போங்கள். படிக்காத அப்பாவைக் கண்டால் சில அலுவலகங்களில் குரலே மாறிவிடும். அது அநியாயம், ஆனால் நடப்பது. காலை முதல் பீரியடில் போகாமல் மதியத்துக்கு மேல் போங்கள். ‘எங்க பையன் சரியில்ல சார்’ என்று ஆரம்பித்தால் அறிவுரைதான் கிடைக்கும். நாலு விஷயத்தைக் கேளுங்கள்: இன்றைய அட்டெண்டன்ஸ் எவ்வளவு, கல்லூரியே வைக்கும் இன்டர்னல் தேர்வுகளில் எதையெல்லாம் விட்டிருக்கிறான், அதில் எதைத் திரும்ப எழுத வாய்ப்பு உண்டு, தேர்வுக் கட்டணம் கட்டக் கடைசி நாள் எது. கேள்வி இவ்வளவு தெளிவாக வந்தால் பதிலும் தெளிவாக வரும்.

இன்டர்னல் ஏன் முக்கியம் என்று அவனுக்கே ஒரு கணக்குப் போட்டுக் காட்டுங்கள். எழுத்துப் பாடத்தில் இன்டர்னலுக்கு 40, பல்கலைக்கழகத் தேர்வுக்கு 60. தேர்வில் நூற்றுக்கு 45 எடுக்க வேண்டும், மொத்தத்தில் 50 வர வேண்டும். இன்டர்னலில் 28 வைத்திருப்பவன் தேர்வில் 45 எடுத்தாலே அது 27 ஆகக் குறைந்து, மொத்தம் 55 வந்து பாஸாகிவிடுவான். வகுப்புத் தேர்வை விட்டுவிட்டு 15 மட்டும் வைத்திருப்பவனோ தேர்வில் 59 எடுத்தாக வேண்டும். ஒரே வகுப்பு, ஒரே மாதிரி மூளை. ஒருவன் 45-க்கும் மற்றவன் 59-க்கும் ஓடுகிறான். அரியர் பெருகுவதில் பாதி இப்படித்தான் நடக்கிறது, பாடம் புரியாததால் மட்டும் இல்லை.

நான்கு அரியரைப் பற்றி வீட்டில் பெரிய துக்கம் வேண்டாம். நான்கு வருடப் படிப்பை முடிக்க 14 செமஸ்டர் வரை, அதாவது ஏழு வருடம், விதியில் இடம் இருக்கிறது. வேலைக்கு வரும் கம்பெனிகளில் பலவும் பார்ப்பது ஸ்டாண்டிங் அரியர், அதாவது அன்றைய தேதியில் மிச்சம் இருப்பதைத்தான். ஹிஸ்டரியே, அதாவது முன்பு விழுந்து பிறகு முடித்த அரியர்கூட, கூடாது என்று சொல்பவையும் உண்டு, ஆனால் எல்லாரும் அப்படி இல்லை. மூன்றாம் ஆண்டு முடிவதற்குள் நான்கையும் துடைத்துவிட்டால் பிளேஸ்மென்ட் வரிசையில் நிற்கலாம். ஒரே செமஸ்டரில் நான்கையும் தூக்க வேண்டாம் என்பது என் கருத்து. புதிய பாடங்களோடு இரண்டு போதும். இனி வரும் தேர்வுகளில் 40-ஐ ஒட்டி நின்று போனால் விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். நகல் வந்ததும் அந்தப் பாட ஆசிரியரிடம் காட்டி, மறுமதிப்பீட்டுக்குப் போகலாமா என்று கேட்கலாம். மதிப்பெண் கூடாவிட்டாலும் பரவாயில்லை. தன் கையெழுத்தில், எந்த இடத்தில் மார்க் போனது என்று பார்க்கிற பையன் அடுத்த முறை வேறு மாதிரி எழுதுகிறான்.

பாடம் நிஜமாகவே புரியவில்லை என்றால் பெரும்பாலும் காரணம் ஆங்கிலம். பன்னிரண்டாம் வகுப்பில் ‘தொகையிடல்’ என்று படித்தவனுக்குக் கல்லூரியில் அது ‘இன்டக்ரேஷன்’. தெரிந்த கணக்கே தெரியாததுபோல் தோன்றும். முதலாண்டுத் தொடக்கத்தில் பிரிட்ஜ் கோர்ஸ், அறிமுகப் பயிற்சி என்று இரண்டு மூன்று வாரம் நடத்துவார்கள். அதில் பாதி நாள் விருந்தினர் உரையிலேயே போய்விடும். மூன்றாவது செமஸ்டரில் அதையெல்லாம் திரும்பக் கேட்க முடியாது. இப்போது கைக்கு எட்டுவது இரண்டு. ஒன்று, துறையில் மெதுவாகப் படிப்பவர்களுக்கு என்று மாலையில் தனி வகுப்பு வைப்பார்கள். ‘ஸ்லோ லேர்னர்’ என்ற அசிங்கமான பெயரில் இருப்பதால் பையன்கள் போவதில்லை. பெயரை விட்டுவிட்டு வகுப்புக்குப் போகச் சொல்லுங்கள். இன்னொன்று, ஐஐடிகள் சேர்ந்து நடத்தும் என்பிடெல் பாடங்கள். பார்க்கக் கட்டணமில்லை, பல பாடங்களுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பும் இருக்கிறது. ஆனால் நிறுத்தி நிறுத்திப் பக்கத்தில் நோட்டோடு பார்த்தால்தான் பலன். படுத்துக்கொண்டு பார்த்தால் தூக்கம்தான்.

அப்புறம் பணம். பையன் வாயைத் திறக்காமல் இருப்பதற்கு இது காரணமாக இருக்கலாம், கேட்டுப் பாருங்கள். ‘ஃபீஸ் கட்டாதவங்க வெளியே நில்லுங்க’ என்று ஹால் டிக்கெட் நேரத்தில் பெயரை வாசிக்கும் வழக்கம் சில இடங்களில் இன்னும் போகவில்லை. அவன் எந்த வழியில் சேர்ந்தான் என்பதை முதலில் பாருங்கள். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சேர்ந்திருந்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே ஏற்கிறது. 2021-இல் வந்த ஏற்பாடு இது. அப்படிச் சேர்ந்தவனிடம் இந்தக் கட்டணங்களைக் கல்லூரி கேட்டால் அது தவறு, தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்துக்கு எழுதலாம். பொது கவுன்சிலிங்கில் சேர்ந்திருந்தால் முதல் பட்டதாரிச் சலுகை உண்டா என்று பாருங்கள். தாசில்தார் தரும் சான்றிதழ் அது, குடும்பத்தில் ஒருவருக்குத்தான். மேனேஜ்மென்ட் கோட்டாவுக்குக் கிடையாது. ஆதிதிராவிடர், பழங்குடியினர் குடும்பம் என்றால், ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை. ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்க மறந்து நிற்கிறவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வருகிறதா? 2024 ஆகஸ்டில் தொடங்கியது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பையன்களுக்கு, அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும். பெண் பிள்ளைகளுக்கு 2022 செப்டம்பர் முதல் புதுமைப் பெண். கல்லூரியில் இதற்கென்று ஒரு நோடல் அலுவலர், அதாவது பொறுப்பாளர், இருப்பார், யூமிஸ் என்கிற அரசின் மாணவர் பதிவு எண் வைத்து விண்ணப்பிக்க வேண்டும். பணம் வராமல் நின்றால் பெரும்பாலும் வங்கிக் கணக்கோடு ஆதார் இணைந்திருக்காது. ஆயிரம் ரூபாய் சின்னத் தொகை என்று படித்த நண்பர்கள் சிரிக்கிறார்கள். மாதக் கடைசியில் ரீசார்ஜுக்கும் பஸ்ஸுக்கும் அப்பாவிடம் கேட்காமல் இருக்க முடிகிற பையனுக்கு அது சின்னத் தொகை இல்லை. விடுதிச் செலவுதான் பாரம் என்றால், முன்பு ஆதிதிராவிடர் நல விடுதி, பிற்படுத்தப்பட்டோர் விடுதி என்று இருந்து 2025-இல் சமூகநீதி விடுதி என்று பெயர் மாறிய அரசு விடுதிகள் பக்கத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். தங்குவதும் சாப்பாடும் இலவசம்.

இப்போது நீங்கள் முக்கியமாகக் கேட்ட கவுன்சிலிங் சென்டர். 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பில் நாடு முழுவதற்கும் வழிமுறைகள் தந்தது. 100 மாணவர்களோ அதற்கு மேலோ இருக்கிற எந்தக் கல்வி நிறுவனமும் தகுதி பெற்ற ஆலோசகர், உளவியலாளர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவரையாவது நியமிக்க வேண்டும். டெலி மானஸ் போன்ற உதவி எண்களை விடுதியிலும் வகுப்பறையிலும் கண்ணில் படும்படி எழுதி வைக்க வேண்டும். மதிப்பெண்ணை வைத்து மாணவர்களைப் பிரித்து உட்கார வைப்பதைக் கூடியவரை தவிர்க்க வேண்டும். சட்டம் வரும்வரை இவையே நடைமுறை என்றும் சொன்னது. அதனால் ‘எங்க காலேஜ்ல கவுன்சிலர் கிடையாது’ என்று யாராவது சொன்னால், இருக்க வேண்டும் என்று தைரியமாகச் சொல்லலாம்.

இருக்கிற இடத்திலும் ஒன்றைக் கவனியுங்கள். கவுன்சிலர் என்ற பலகைக்குக் கீழே உட்கார்ந்திருப்பவர் உளவியல் படித்தவரா, அல்லது ஒரு வாரப் பயிற்சி முடித்த வேதியியல் ஆசிரியரா? இரண்டாவது ஆள் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் அவர் அடுத்த செமஸ்டரில் அவனுக்கே இன்டர்னல் போடப் போகிறவராக இருந்தால் பையன் எதையும் பேச மாட்டான், பேசவும் கூடாது என்பேன். முதல் சந்திப்பிலேயே தம்பியே கேட்கட்டும்: ‘நான் சொல்றதை ஹெச்ஓடிகிட்டயோ வீட்டிலயோ சொல்வீங்களா?’ நல்ல கவுன்சிலர், உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் சொல்வேன், மற்றபடி இல்லை என்பார். தயங்கினால் கல்லூரிக்கு வெளியே உதவி தேடுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. சென்னையில் கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகமும் இருக்கிறது. அங்கே புறநோயாளியாகப் பார்த்துவிட்டு அன்றே வீடு திரும்புகிறவர்கள்தான் மிகுதி, பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம்.

இங்கேதான் முடிச்சின் இன்னொரு நுனி இருக்கிறது. தூக்கம் கெட்டு, பசி போய், எதிலும் பிடிப்பில்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் கிடக்கிற பையனைச் சோம்பேறி என்று முடிவு கட்ட முடியாது. அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். மருத்துவர் அப்படிச் சொன்னால், அவர் எழுதிக் கொடுக்கும் ஓபி சீட்டும் சான்றும் கண்டோனேஷனுக்கு உண்மையான மருத்துவக் காரணம். ஊர் மெடிக்கலில் டைபாய்டு என்று காசு கொடுத்து எம்சி, அதாவது மருத்துவச் சான்று, வாங்குகிற பழக்கம் இருக்கிறதே, அதைவிட இது எவ்வளவோ மேல். உண்மையான சீட்டு இருந்தும், ‘மனநலம்’ என்று எழுதியிருக்கிறதே, பின்னால் வேலைக்குப் பாதிக்குமே என்று பயந்து அதை உள்ளே வைத்துவிட்டு, பொய்ச் சீட்டைக் கொடுக்கிற குடும்பங்கள் உண்டு. கண்டோனேஷன் கடிதம் அலுவலகக் கோப்போடு நின்றுவிடும், மதிப்பெண் பட்டியலில் நோயின் பெயர் ஏறாது. சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைத்திருக்கும் உரிமையும் அந்த 2017 சட்டத்திலேயே இருக்கிறது.

காரணம் இது எதுவுமே இல்லாமல், யாரோ அவனைத் தொந்தரவு செய்கிறார்களா என்றும் பாருங்கள். ராகிங் என்றால் 1800-180-5522, நாடு முழுவதற்குமான எண், பெயர் சொல்லாமலும் பேசலாம். சிதம்பரத்தில் 1996-இல் மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்ட பிறகு அடுத்த ஆண்டே தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் கொண்டுவந்தது. புகார் வந்தால் கல்லூரி அசட்டையாக இருக்க முடியாது. சாதி சொல்லிக் குத்துகிறார்கள் என்றால் எஸ்சி, எஸ்டி பிரிவு அல்லது சமவாய்ப்புப் பிரிவு. பாலியல் தொந்தரவு என்றால் உள்ளகப் புகார்க் குழு, மூன்று மாதத்துக்குள். கல்லூரி நிர்வாகமே சிக்கல் என்றால் மாணவர் குறைதீர்ப்புக் குழு. 2023-இல் யுஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, போட்ட விதிப்படி அது 15 வேலை நாளில் அறிக்கை தர வேண்டும்; திருப்தி இல்லையென்றால் பல்கலைக்கழகத்தின் ஆம்பட்ஸ்பர்சனிடம், அதாவது குறைகேள் அதிகாரியிடம், மேல்முறையீடு. இந்தக் குழுக்களிடம் வாய்வார்த்தையாகப் போகாதீர்கள்.

எல்லாம் பார்த்த பிறகும் ‘என்னால இப்ப முடியல’ என்று அவன் சொன்னால், அதையும் மதிக்க வேண்டும். ஆனால் டிசி வேறு, பிரேக் ஆஃப் ஸ்டடி வேறு. உடல்நலம் போன்ற சரியான காரணத்துக்காக, முன்கூட்டியே முதல்வருக்கு எழுதி, அனுமதி வாங்கி நிறுத்தினால் பின்னால் அதே படிப்பில் திரும்பச் சேரலாம். நிறுத்திய காலமும் அந்த ஏழு வருடக் கணக்கில்தான் வரும், திரும்பும்போது ரெகுலேஷன் மாறியிருந்தால் ஒன்றிரண்டு பாடம் கூடுதலாக எழுத வேண்டியிருக்கலாம். சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டால் இந்தக் கதவு மூடிவிடும். டிசி வாங்கினாலோ 7.5 ஒதுக்கீட்டு இடமும் சலுகையும் போய்விடும், அந்த இடம் இரண்டாம் முறை வராது. அதனால் டிசி விண்ணப்பத்தில் இந்த வாரம் கையெழுத்துப் போட வேண்டாம்.

அப்படியும் டிசி என்றே முடிவானால், பத்தாவது, பன்னிரண்டாவது மூலச் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று யுஜிசி 2018-இலேயே சொல்லிவிட்டது. மீதி வருடக் கட்டணத்தையும் கட்டினால்தான் தருவோம் என்றால் பணத்தை எடுத்து நீட்டாதீர்கள், எதற்காகக் கேட்கிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். டிசியோ பிரேக்கோ கண்டோனேஷனோ, எந்த விண்ணப்பம் கொடுத்தாலும் இரண்டு பிரதி எடுத்துப் போங்கள். ஒன்றில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கிக்கொண்டு வெளியே வாருங்கள்.